இருண்ட வடிவம் எண் நான்கு

எம்.ரெட்டியபட்டிக்கு மேற்கே சோலைக்குச் சொந்தமான மூன்று ஏக்கர் கரிசல், இந்தியாவின் பாதுகாப்புக்கு அவசியமானது என்று 1987ஆம் வருடம் புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தெரியவந்தது. அதற்கு முந்தின நாள் வரை அது சோலை வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் அவசியமாக இருந்தது.

இதைக் கண்டுபிடித்தது மறைவண்ண நிர்ணய வாரியம். அப்படி ஒரு வாரியம் இருப்பதே நாட்டில் அநேகம் பேருக்குத் தெரியாது. அதை வாரியம் தன் முதல் வெற்றியாகக் கருதிவந்தது. சிப்பாய் போடும் சட்டை எதிரியின் கண்ணில் படாமல் இருக்க வேண்டுமென்றால் அதில் என்னென்ன நிறத்தில் எப்படியெப்படித் திட்டுகள் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதன் வேலை. டில்லியில் நாலு மாடிக் கட்டடம். வாசலில் பெரிய போர்டு.

இந்த விஷயத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. வெள்ளைக்காரன் முதலில் ரத்தச் சிவப்பில் சட்டை போட்டுக்கொண்டு சண்டைக்குப் போனான். குறி பார்க்க எதிராளிக்கு ரொம்ப வசதியாக இருந்தது. பிறகு புத்தி வந்து புழுதி நிறத்துக்கு மாறினான். அதுதான் காக்கி. அதற்கும் பிறகு, ஒரே நிறம் போதாது, உருவத்தைக் கலைத்துக் காட்டுகிற மாதிரி திட்டுத் திட்டாக வேண்டும் என்று உலகம் முழுக்க ஆளாளுக்கு வரைய ஆரம்பித்தார்கள். நம் வாரியமும் வரைந்தது. முதல் மாதிரியை இயக்குநரின் ஜன்னலுக்கு வெளியே இருந்த ரோஜாத் தோட்டத்தைப் பார்த்து வரைந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு பாலைவனத்தில் நின்ற சிப்பாய்களை ஒட்டகங்கள் மேய வந்தன. இரண்டாவது மாதிரி மணல் நிறம். அது தவறுதலாகக் காட்டுப் படைக்குப் போய்விட்டது. மூன்றாவது மாதிரியைக் காணவில்லை. வைத்த இடத்தில்தான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று வாரியம் அறிக்கை கொடுத்து அதற்குப் பாராட்டும் வாங்கியது.

நான்காவது மாதிரி, வறண்ட கரிசல் பூமிக்கானது. எந்த எதிரி இந்தப் பக்கம் வரப்போகிறான் என்று யாரும் கேட்கவில்லை. ரெட்டியபட்டிக்கு வர வேண்டுமானால் எதிரி அருப்புக்கோட்டையில் இறங்கி பஸ் மாற வேண்டும். மத்தியான பஸ் வருமா வராதா என்பது ஊர்க்காரர்களுக்கே நிச்சயமில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஜீப்பிலிருந்து இறங்கியவர் வாரியத்தின் இயக்குநர் திருவேங்கடம். பிறந்தது கும்பகோணம் பக்கம்தான். டில்லியிலேயே இருந்துவிட்டதால் மேடையில் பேசுவதுபோல்தான் தமிழ் வரும். கையில் ஒரு கட்டு வண்ண அட்டை வைத்திருந்தார். ஒவ்வொன்றாக உருவி மண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே புஞ்சைக் காட்டுக்குள் நடந்தார். பக்கத்துக் காட்டு வரப்பில் உட்கார்ந்திருந்த சோலை துண்டைத் தோளிலிருந்து இறக்கியபடி ஓடிவந்தான்.

"சார், சார், பூட்ஸோட உள்ள மிதிக்காதீக. வெதச்சிருக்கேன்."

"விதைத்திருக்கிறாயா? எங்கே?"

"மண்ணுக்குள்ளதான் சார். புழுதி வெதப்பு."

இது கரிசல்காட்டு வழக்கம். மழை விழுந்த பிறகு ஏர் பூட்டலாம் என்று இருந்தால் மாட்டுக்கால் சகதியில் புதைந்துபோகும், ஏர் நகராது. அதனால் காய்ந்த புழுதியிலேயே சோளத்தை விதைத்து உழுது மூடிவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். மேலே பார்த்தால் வெறும் தரிசு மாதிரிதான் இருக்கும். உள்ளே ஒரு வருடத்துச் சாப்பாடு கிடக்கும்.

"மண்ணுக்குள் இருப்பது எங்கள் அதிகார வரம்பில் வராது. நாங்கள் மேற்பரப்பு" என்றார் இயக்குநர். பிறகு ஜீப்பில் ஏறி நின்றுகொண்டு, கேட்பதற்கு சோலையும் நாலு ஆடுகளும் மட்டுமே இருந்தபோதிலும், உரத்த குரலில் பேசினார்: "இந்த நிலம் தேசத்தின் மாதிரி வறள்நிலமாக அறிவிக்கப்படுகிறது. இதைப் பார்த்துத் துணி தயாராகும். துணிக்கு ஒப்புதல் கிடைக்கும்வரை நிலம் இப்படியே இருக்க வேண்டும். ஒரு மண்கட்டிகூட இடம் மாறக் கூடாது. மாறினால் எதைப் பார்த்துத் துணி செய்தோமோ அது இல்லாமல் போய்விடும். பிறகு எங்கள் உழைப்புக்கு என்ன மரியாதை?"

"எம்புட்டு நாளைக்கு சார்?"

"போன மாதிரிக்கு ஒன்பது வருடம் ஆனது. இப்போது நாங்கள் துரிதமாகச் செயல்படுகிறோம்."

சோலைக்கு இருந்தது அந்தக் காடும் ஒரு ஜோடி மாடும் ஒரு வண்டியும் நாலு ஆடும்தான். போன வருடம் மழை ஏமாற்றிவிட்டது. இந்த வருடமும் சோளம் வீடு வந்து சேராவிட்டால் மனுசர் வயிற்றை எப்படியாவது கழுவிக்கொள்ளலாம், மாட்டுக்குப் போடச் சோளத்தட்டை இருக்காது. மாட்டை விற்றுவிட்டுப் புருசனும் பெண்சாதியுமாகத் தீப்பெட்டிக் கம்பெனிக்கு பஸ் ஏற வேண்டியதுதான். சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட அவன் பெண்சாதி ராமலட்சுமி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க என்ன சொன்னீக அவுகட்ட?"

"வெதச்சிருக்கேன்னு சொன்னேன். அது அவுக வரம்புல வராதாம்."

"மாடு மட்டும் இந்த வீட்ட விட்டுப் போச்சுன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன். ஆமா, சொல்லிட்டேன்" என்றாள் ராமலட்சுமி.

மறுவாரம் காட்டைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. 'மாதிரி நிலம், பிரவேசிக்காதே' என்று ஒரு போர்டும் வந்தது. வாரியத்தின் போர்டு என்பதால் அதையும் மறைவண்ணத்தில் எழுதியிருந்தார்கள். ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. ரெட்டியபட்டி எருமைகள் இரண்டும், ஒரு கல்யாணத் தரகரும் அதில் முட்டிக்கொண்டதோடு சரி. காவலுக்கு மல்லாங்கிணறு ஊரிலிருந்து கிறிஸ்டோபர் வந்து சேர்ந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சைக்கிளும் ஒரு தூக்குச் சட்டியுமாக வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணாச்சி, பட்டாளத்துல எதைக் காவல் காத்தீக?" என்று சோலை கேட்டான்.

"பாலம். ஒரு தடவ ஆயுதக் கிடங்கு."

"இப்ப?"

"புழுதி" என்றார் கிறிஸ்டோபர். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

நிலத்தைப் படம் பிடித்துக்கொண்டு இயக்குநர் டில்லி போனார். அங்கே வாரியம் கூடித் திட்டுகளைப் பங்கு பிரித்தது. கரும்பழுப்பு இயக்குநருக்கு, செம்பழுப்பு துணை இயக்குநர்களுக்கு, மீதி நிறங்கள் பதவி வரிசைப்படி. தனக்கு ஒரு திட்டுகூட ஒதுக்கப்படவில்லை என்று கணக்கு அதிகாரி மனவருத்தம் தெரிவித்ததால் ஓரமாகச் சாம்பல் நிறத்தில் ஒன்று சேர்த்தார்கள். அவர் அதைத் தன் மனைவிக்குக் காட்டி மகிழ்ந்ததாகச் சொல்வார்கள். துணி அருப்புக்கோட்டையில் விசைத்தறியில் ஓடியது. பக்கத்துச் சாயப்பட்டறையில் திட்டுகள் பதிந்தன. அந்தப் பட்டறையில்தான் ராமலட்சுமியின் தம்பி மாரிச்சாமி வேலை பார்த்தான்.

முதல் துணி வந்த அன்று இயக்குநர் அதைக் காட்டோரம் விரித்துப் போட்டார். தூக்குச் சட்டியில் கஞ்சி கொண்டுவந்த ராமலட்சுமி நின்று பார்த்தாள். குனிந்தும் பார்த்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. இது நம்ம ஒத்தக்கொம்பன்ல!"

ஒத்தக்கொம்பன் அவர்கள் வீட்டுக் கருப்புக் கிடாய். சின்ன வயதில் சண்டையில் ஒரு கொம்பு ஒடிந்துபோனது. படம் பிடித்த அன்று அது பாட்டுக்கு நடுக்காட்டில் நின்றிருக்கிறது. இப்போது துணியில் முழத்துக்கு ஒரு தடவை, ஒற்றைக் கொம்போடு, கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி நின்றது.

"அம்மா, அது ஆடு அல்ல" என்றார் இயக்குநர் பொறுமையாக. "இருண்ட வடிவம் எண் நான்கு. கம்ப்யூட்டரில் ஏற்றி ஆராய்ந்து எடுத்தது. மனிதக் கண்ணை ஏமாற்றும் வடிவங்களில் இதுவே தலைசிறந்தது என்று முடிவாகியிருக்கிறது."

"வாலுகூடத் தெரியுதே சார்."

"வால் இல்லை. விளிம்புச் சிதைவு."

அவர் துணியையும் நிலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மாறியது. துணியில் எண் நான்கு இருந்தது, நிலத்தில் இல்லை. துணியில் தப்பு இருக்க முடியாது, அதற்கு வாரியம் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஆகவே தினமும் காலை பதினோரு மணிக்கு ஒத்தக்கொம்பனை நடுக்காட்டுக்குக் கூட்டிவந்து, அதே இடத்தில், அதே திசையில் கழுத்தைத் திருப்பி நிற்கவைக்க உத்தரவானது. கிடாய்க்கு வாரியச் செலவில் புல்லும் புண்ணாக்கும் வந்தன. கழுத்தைத் திருப்ப வைப்பதற்காக கிறிஸ்டோபர் எதிர்ப்பக்கம் நின்று, தான் பட்டாளத்தில் வாங்கிய மெடலைச் சூரிய வெளிச்சத்தில் ஆட்டிக் காட்டினார். மெடல் கடைசியில் ஒரு காரியத்துக்கு உதவியதில் அவருக்குச் சந்தோஷம்தான்.

ஐப்பசியில் மழை வந்தது. அந்த வருடம் நல்ல மழை. இரண்டு நாள் பிடித்துப் பெய்து, விட்டு, மறுபடி பெய்தது. நாலாம் நாள் காலையில் மூன்று ஏக்கரும் பச்சைப்பசேலென்று எழுந்து நின்றது. சோலை வேலிக்கு வெளியே நின்று பார்த்தான். தன் காட்டில் பயிர் முளைத்திருப்பதைக் கண்டு மனம்விட்டுச் சந்தோஷப்பட முடியாமல் ஒரு சம்சாரி நிற்பதை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது.

இயக்குநர் துணை இயக்குநர்களோடு விமானத்தில் மதுரை வந்து, அங்கிருந்து ஜீப்பில் வந்து சேர்ந்தார். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு விசாரணை நடந்தது.

"யார் அனுமதி கொடுத்தது?"

"மழ பேஞ்சுச்சு சார்."

"மாதிரி நிலத்தில் மழை பெய்யப்போவது உனக்கு முன்கூட்டியே தெரியுமா?"

"பெய்யணும்னு சாமி கும்பிட்டேன் சார்."

"எழுதிக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே தூண்டியிருக்கிறான்." இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது. "நாங்கள் பதினேழு நிபுணர்கள். மறைப்பதே எங்கள் தொழில். எங்கள் எல்லோர் கண்ணெதிரே மூன்று ஏக்கர் சோளத்தை நீ மறைத்து வைத்திருக்கிறாய். எந்தத் தொழில்நுட்பம் அது? வெளிநாட்டுத் தொடர்பு ஏதாவது உண்டா?"

"அன்னைக்கே சொன்னேனே சார், வெதச்சிருக்கேன்னு."

"சொன்னாய். ஆனால் காட்டவில்லை."

பயிரைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று துணை இயக்குநர் ஒருவர் யோசனை சொன்னார். ராமலட்சுமி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, பிடுங்கினால் மேற்பரப்பு கலையும், கலைந்தால் விதிமீறல் என்று இன்னொருவர் ஆட்சேபித்தார். பிடுங்கவும் கூடாது, வளர்க்கவும் கூடாது, களை எடுக்கவும் கூடாது, ஆனது ஆகட்டும் என்று தீர்மானமானது. துணி மட்டும் பச்சைக்கு மாறும். ஒத்தக்கொம்பன் வழக்கம்போல் பதினோரு மணிக்கு வந்து, நின்ற இடத்திலேயே தன்னைச் சுற்றி ஒரு வட்டத்துக்குப் பயிரை மொட்டையடித்தது. அது ஊழியர் என்பதால் கேட்க நாதியில்லை.

களை பயிருக்குச் சமமாக வளர்ந்தது. சோலைக்குக் கை அரித்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கிறிஸ்டோபர் சைக்கிளை எடுக்கும்போது வேலியைப் பார்த்துப் பேசுவதுபோல் பேசினார்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. நான் கோயிலுக்குப் போயிருவேன். பாதர் பிரசங்கம் எப்பிடியும் மத்தியானம் வரைக்கும் இழுக்கும். மேக்கால இருக்குற கம்பி வேற லூசா இருக்கு. யாரும் பாத்துச் சரி பண்ணாம கெடக்கு. என்னத்தச் சொல்ல."

ஞாயிறுதோறும் நாலைந்து பெண்களோடு ராமலட்சுமி உள்ளே போனாள். கார்த்திகை முடிவதற்குள் களை போய்விட்டது. கிறிஸ்டோபர் அந்த இரண்டு மாதத்தில் ஒரு பூசையைக்கூடத் தவறவிடவில்லை. பக்தி இவ்வளவு முற்றியதைக் கண்டு பாதருக்கே ஆச்சரியம்.

பச்சைத் துணி வந்து சேர்ந்தபோது தை பிறந்துவிட்டது. சோளம் முற்றி, தட்டை பழுத்து, காடு முழுக்க வெளிர்மஞ்சளாக நின்றது. அதற்கு மேல் துணியை மாற்ற வாரியத்துக்குத் தெம்பில்லை. டில்லியில், ஜன்னல் திரைகளை இழுத்துவிட்ட ஒரு கூட்ட அறையில் வைத்து அதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். உயர்மட்டக் குழு நேரில் வந்து பார்த்துத் திருப்தி தெரிவிப்பது மட்டும் பாக்கி. அதுவரை அறுவடை கிடையாது.

சோலை ஜீப்புக்கு முன்னால் போய் நின்றான்.

"சார், கதிர் முத்திருச்சு. கிளியும் மைனாவும் வந்து விழுகுது. அறுக்க வேண்டாம், குருவியாவது வெரட்டிக்கிறேன் சார்."

"பறவைகளும் மேற்பரப்பின் அங்கம்" என்றார் இயக்குநர். "நீ ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எந்த நாட்டில் குடிமகன் தன் வயிற்றைப் பற்றியே யோசிக்கிறானோ அந்த நாட்டில் ராணுவம் தன் சட்டையைப் பற்றி யோசிக்க முடியாது. நான் வாங்கும் சம்பளத்தில் ஒரு நாளாவது சோளம் சாப்பிட்டிருப்பேனா? இல்லை. அவ்வளவு தியாகம் செய்கிறோம்."

அவர் போன பிறகு சோலை வேப்பமரத்தடியில் கிறிஸ்டோபர் பக்கத்தில் உட்கார்ந்தான். காட்டுக்குள் கிளிகள் சத்தம் காதைத் துளைத்தது. இரண்டு பேரும் கதிர் உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சிச் சட்டியோடு வந்த ராமலட்சுமி புருசன் கண் கலங்கியிருப்பதைப் பார்த்துவிட்டாள். சட்டியை இறக்கி வைத்தாள்.

"அண்ணாச்சி, நாங்க உள்ள எறங்கி அறுத்தா என்ன செய்வீக?"

"அறிக்கை எழுதணும்மா. பாத்தேன்னு எழுதித்தான் ஆகணும். போலீசு வந்துரும்." கிறிஸ்டோபர் தலையைச் சொறிந்தார். "கண்ணுக்குத் தெரிஞ்ச எல்லாரையும் எழுதணும். இந்தப் புதுத் துணி போட்டவுகள மட்டுந்தான் எழுத முடியாது."

"அது ஏன்?"

"டில்லியில தீர்மானம் போட்டுட்டாகளே. அந்தத் துணியப் போட்டவன் இந்தக் காட்டுல கண்ணுக்குத் தெரிய மாட்டான்னு. நான் பாத்தேன்னு எழுதினா தீர்மானம் தப்புன்னு ஆகிரும். என் வேல போயிரும்."

ராமலட்சுமி கொஞ்ச நேரம் காட்டையே பார்த்தாள். பிறகு கஞ்சிச் சட்டியை அங்கேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். சாயம் கலங்கிப்போன துணியைத் தம்பி வேலை பார்க்கும் பட்டறையில் கழிவாக ஒதுக்கிப் போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். திரும்பி வரும்போது தலையில் ஒரு மூட்டை இருந்தது. ஊர் டெய்லர் ஜெயபாண்டி ராத்திரி பகலாகத் தைத்தான். ஆம்பளைக்குச் சட்டை, பொம்பளைக்கு முழுக்கை ஜாக்கெட். சேலைக்கு மேல் சுற்றிக்கொள்ள ஆளுக்கு ஒரு துண்டு, எல்லாவற்றிலும் ஒத்தக்கொம்பன்.

உயர்மட்டக் குழு வந்த அன்று வேப்பமரத்துக்குப் பக்கத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். தோளில் நட்சத்திரங்களோடு குழுத் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஆளுக்கு ஒரு பைனாகுலர். பச்சைத் துணி போட்ட ஆறு சிப்பாய்களை முன்கூட்டியே மஞ்சள் சோளத்துக்குள் படுக்கவைத்திருந்தார்கள். பயிரின் உயரத்தில் அவர்கள் தெரியவில்லை என்பது உண்மை. காக்கி போட்டிருந்தாலும் தெரிந்திருக்க மாட்டார்கள், கல்யாண ஜிப்பா போட்டிருந்தாலும் தெரிந்திருக்க மாட்டார்கள்.

"ஆறு பேர் உள்ளே இருக்கிறார்கள். ஒருவர்கூடத் தெரியவில்லை" என்று இயக்குநர் அறிவித்தார். கை தட்டினார்கள்.

அப்போது மேற்கே கம்பி லூசாக இருந்த பக்கத்திலிருந்து சோலை வந்தான். பின்னால் ராமலட்சுமி. அவர்களுக்குப் பின்னால் வீரணன், சந்தனம், கருத்தம்மாள் என்று இருபது பேருக்குக் குறையாமல் பண்ணரிவாளோடு வந்தார்கள். எல்லோர் உடம்பிலும் வாரியத்தின் துணி. வரிசை பிடித்து நின்று, குனிந்து, அறுக்க ஆரம்பித்தார்கள்.

சாமியானாவில் கை தட்டல் நின்றது. ஒரு துணை இயக்குநர் எழுந்து, "அங்கே யாரோ..." என்று ஆரம்பித்தார். இயக்குநர் அவர் காலை மிதித்தார். குழுத் தலைவர் பைனாகுலரை இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தார். பிறகு மறுபடி பைனாகுலரில் பார்த்தார். ஒப்புதல் கோப்பில் அவருடைய கையெழுத்தும் இருந்தது.

"எத்தனை பேர் தெரிகிறார்கள்?" என்று கேட்டார்.

"யாருமில்லை ஐயா" என்றார் இயக்குநர்.

"எனக்கும் அப்படித்தான் படுகிறது."

"எனக்கும்" என்றார் பக்கத்தில் இருந்தவர். வரிசையாக எல்லோரும் சொன்னார்கள். கணக்கு அதிகாரி மட்டும் தன்னுடைய சாம்பல் திட்டு கருத்தம்மாள் முதுகில் வந்து வந்து போவதை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. அறுத்த தட்டை கட்டுக் கட்டாகக் காட்டை விட்டு வெளியேறியது. சோலையின் மாட்டுவண்டி வந்து பாரம் ஏற்றிக்கொண்டு போனது. மாட்டின் முதுகிலும் துணி விரித்திருந்ததால் அதையும் யாரும் பார்க்கவில்லை. வீரணனுக்குத் தாகம். நேரே சாமியானாவுக்குள் வந்து, குழுத் தலைவருக்குப் பக்கத்தில் இருந்த கூஜாவைத் தூக்கி அண்ணாந்து கடகடவென்று குடித்தான். எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"தண்ணீர் குறைகிறதே" என்றார் தலைவர்.

"ஆவியாதல் ஐயா. வறண்ட பிரதேசம்."

"ஏலே வீரணா, எனக்கும் கொண்டா" என்று காட்டுக்குள்ளிருந்து சந்தனம் கத்தினான்.

"சத்தம் கேட்கிறது" என்றார் தலைவர்.

"ஒலி எங்கள் வரம்பில் வராது ஐயா. அதற்குத் தனி வாரியம் கேட்டிருக்கிறோம்."

மத்தியானத்துக்குள் மூன்று ஏக்கரும் மொட்டையாகிவிட்டது. அறுத்து விட்ட அடித்தாளுக்கு நடுவே ஆறு சிப்பாய்களும் பச்சைச் சட்டையில் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். அதில் ஒரு பையன் நல்ல தூக்கம். கிறிஸ்டோபர் கடமை தவறாமல் ஒத்தக்கொம்பனைக் கூட்டிவந்து நடுக்காட்டில் நிறுத்தி மெடலை ஆட்டினார். பைனாகுலர்கள் எல்லாம் நன்றியோடு அதன் பக்கம் திரும்பின. துணி போடாமல் வந்திருந்த ஒரே ஜீவன் அதுதான்.

"ஒரு ஆடு தெரிகிறது" என்றார் தலைவர் நிம்மதியாக. எல்லோருக்கும் தெரிந்தது.

பரிசோதனை முழு வெற்றி என்று அறிக்கை போனது. ஆட்களை மட்டுமல்ல, மூன்று ஏக்கர் பயிரையே கண்ணுக்குத் தெரியாமல் செய்த முதல் துணி என்று அதில் எழுதியிருந்தார்கள். இயக்குநருக்கு விருது கிடைத்தது. சோலை வீட்டு முற்றத்தில் சோளம் குவிந்தது, தட்டையைப் போராக அடுக்கிய படப்பு கூரையைத் தாண்டி நின்றது. ராமலட்சுமி மாட்டின் நெற்றியைத் தடவிக் கொடுத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

ஆனால் வேலியை யாரும் எடுக்கவில்லை. ஒப்புதல் கிடைத்துவிட்டதே, நிலத்தை விடுவித்து உத்தரவு வாங்கிவிடலாம் என்று அடுத்த புரட்டாசிக்கு முன்னால் சோலை அருப்புக்கோட்டையில் இருந்த வாரியத்தின் முகாம் அலுவலகத்துக்குப் போனான். நல்ல சட்டை என்று வேறு இல்லாததால் அந்தத் துணிச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனான். மேஜைக்கு முன்னால் நின்றான். இருந்தவர்கள் யாரும் நிமிரவில்லை. "சார்" என்றான். டீ வந்தது. அவனைச் சுற்றிக்கொண்டு போய் எல்லோருக்கும் கொடுத்தார்கள். சாயங்காலம் விளக்கை அணைத்துப் பூட்டப் போகும்போதுதான் ஓடிவந்து வெளியேறினான்.

"சட்ட போட்ட கோளாறு" என்று ராமலட்சுமியிடம் சொன்னான். "நெசமாவே கண்ணுக்குத் தெரியல போல. இந்தச் சனியனப் போட்டுட்டுப் போயிருக்கக் கூடாது."

மறுநாள் பக்கத்து வீட்டு வெள்ளைச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனான். அதே மேஜைக்கு முன்னால், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படியாக நின்றான். யாரும் நிமிரவில்லை. டீ வந்தது. அவனைச் சுற்றிக்கொண்டு போனது.

கடைசி பஸ்ஸில் திரும்பி வந்தவன் வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். ராமலட்சுமி முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"துணியில ஒண்ணுமில்லங்க" என்றாள். "சாப்பிட்டுப் படுங்க. காலையில ஏரப் பூட்டுவோம்."

விடிந்ததும் வேலியை ஒதுக்கித் தள்ளிவிட்டு உழுதார்கள். புழுதியில் சோளத்தை விதைத்து மூடினார்கள். கிறிஸ்டோபர் வேப்பமரத்தடியில் சம்பளத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எழுத ஒன்றுமில்லை. சோலை காட்டில் அதன் பிறகு எத்தனையோ வெள்ளாமை. ஒன்றுகூட வாரியத்துக்குத் தெரியாது, அதன் பதிவில் அது இன்றைக்கும் மாதிரித் தரிசுதான். துணியைப் பனிமலைப் படைக்கு அனுப்பிவிட்டார்கள். தொண்ணூற்றிரண்டில் பட்டாளத்திலிருந்து லீவில் வந்த சந்தனத்தின் மகன் சோலையிடம், "பனியில எம்புட்டுத் தூரத்துல நின்னாலும் பளிச்சுன்னு தெரியிறோம் சித்தப்பா. ஒவ்வொருத்தன் முதுகுலயும் ஒங்க கிடா நிக்கிது" என்றான்.

சோலை தன் சட்டையைத் தூக்கி எறியவில்லை. கதிர் முற்றும் காலத்தில் இரண்டு குச்சியை வைத்துக் கட்டி, மேலே பானையைக் கவிழ்த்து, அதை மாட்டி நடுக்காட்டில் நிறுத்திவிடுவான். நாலு காடு தள்ளிப் பறந்து வரும்போதே கிளிகள் அதைப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு திரும்பிப் போய்விடும்.